அப்பாவின் கையிலுள்ள சென்சார் 58 என்கிறது, விரல் ரத்தம் 92 என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: மஞ்சக்குப்பம் மகள்

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 71. சர்க்கரை நோய் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மருத்துவர் சொன்னதன்பேரில் மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சார் வாங்கிப் பொருத்தியிருக்கிறோம். பதினான்கு நாள் உழைக்கும் ஒரு வில்லைக்கு ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய் கொடுத்தோம். ஓய்வூதியத்தில் நடக்கும் வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல.

தொல்லை இரவில்தான். ஊர் அடங்கிய இரண்டு, மூன்று மணிக்குக் கைப்பேசி அலறுகிறது. எழுந்து பார்த்தால் 58 என்றோ 55 என்றோ காட்டுகிறது. அப்பாவை உலுக்கி எழுப்பினால், "எனக்கு ஒன்றும் இல்லையே, ஏன் இந்தக் கலவரம்?" என்கிறார். வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் குளுக்கோமீட்டர் 92 என்கிறது. அதற்குள் அம்மா பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்தும் சென்சார் 60 என்றே காட்டினால் இன்னொரு டம்ளர். விடிந்ததும் பார்த்தால் 280.

பகலில் கதை தலைகீழாகிவிடுகிறது. பண்ருட்டியிலிருந்து சித்தப்பா ஒரு முழுப் பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து சுளை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தான் ஒரு சுளைகூட வாயில் போடவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். அப்போது மீட்டரில் 246, சென்சாரில் 148. அம்மா அப்பாவை நம்பவில்லை. அப்பா மீட்டரை நம்பவில்லை. தம்பி, "விரல் ரத்தம்தான் சரி, இந்த வில்லையைப் பிடுங்கி எறியுங்கள்" என்கிறான்.

எனக்கு அப்படி எறிந்துவிட மனம் வரவில்லை. ஆனால் இரண்டு கருவி இரண்டு கணக்குச் சொல்லும்போது இன்சுலினை எதை வைத்துத் தீர்மானிப்பது? இரவு அலாரம் அடித்தால் சர்க்கரை கொடுப்பதா, வேண்டாமா? இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், பயன்படலாம்: கொரோனா காலத்தில் தொடங்கிய பழக்கமாக அப்பா தினமும் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை எடுத்துக்கொள்கிறார், சில நாள் இரண்டு. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியோடு இருப்பேன்.

பதில்: நெல்லிக்குப்பம் தம்பி

அக்கா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மாவுக்குப் பொருத்திய சென்சார் முதல் நாளே கண்டபடி எண் காட்டியதால் அடுத்தது வாங்கவில்லை. இப்போது இணையத்தில் ஒரு கைக்கடிகாரம் விற்கிறார்கள். ஊசியே இல்லாமல், தோலின்மேல் ஒளி பாய்ச்சிச் சர்க்கரையைச் சொல்லிவிடுமாம். விலையும் குறைவு. யாராவது வாங்கியிருக்கிறீர்களா? நானும் இந்தப் பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

பதில்: புதுவை ஆய்வகத்தார்

அம்மா, புதுச்சேரியில் மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரத்தச் சர்க்கரையை அளப்பதிலேயே காலம் போனது. உங்கள் கேள்வி என் மனதுக்கு மிக நெருக்கமானது, ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 58. சென்சார் எந்தக் கையில் இருக்கிறது, அப்பா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார் என்று பாருங்கள். வில்லை இருக்கும் கை உடம்புக்கு அடியில் அகப்பட்டால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. தோலுக்கு அடியிலுள்ள திரவத்துக்குப் புதிதாகக் குளுக்கோஸ் வந்து சேர்வதும் குறைந்துவிடுகிறது. உடம்பு முழுவதும் 95 இருக்கும்போது வில்லைக்கு அடியில் மட்டும் 58 என்று அளவு வரும். செயலியில் அந்த இரவின் கோட்டைத் திறந்து பாருங்கள். சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு கிணற்றுக்குள் கல் போட்டதுபோல் நேராக விழுந்து, அவர் புரண்டு படுத்ததும் எதுவும் சாப்பிடாமலேயே பழைய உயரத்துக்குத் திரும்பியிருந்தால், அது அழுத்தத்தால் வந்த பொய் இறக்கம். சென்சார் அணிபவர்களிடம் இது சாதாரணமாகக் காண்பது.

அதற்காக இரவு அலாரம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இன்சுலின் போடும் முதியவருக்கு இரவில் உண்மையாகவே சர்க்கரை இறங்கலாம். நோய் வந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு வியர்வை, படபடப்பு, நடுக்கம் போன்ற எச்சரிக்கைகள் மங்கிப்போவதும் உண்டு. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்வதை ஓர் அளவீடாக வைத்துக்கொள்ள முடியாது. எழுப்பி, உட்காரவைத்து, விரலில் குத்திப் பார்த்தீர்களே, அதுதான் சரியான காரியம். பேச்சு குழறினாலோ வியர்த்துக்கொட்டினாலோ மட்டும் அளந்துகொண்டிருக்க வேண்டாம். முதலில் சர்க்கரை, பிறகு விரலில் குத்திப் பார்ப்பது.

பலாப்பழ விவகாரத்தில் என் சந்தேகம் சென்சார்மேல் இல்லை, விரல்மேல்! சுளை எடுத்த கையில் பழச்சாறு ஒட்டியிருக்கிறது. மீட்டருக்கு நாம் கொடுப்பது கடுகளவு ரத்தம். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு பழச்சர்க்கரை கலந்தாலே எண் எகிறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டுப் பிறகுதான் குத்த வேண்டும். 246 ஐ நம்பி யாராவது கூடுதல் இன்சுலின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், பெரியவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்.

"விரல் ரத்தம்தான் சரி" என்று உங்கள் தம்பி சொல்வதில் பாதிதான் உண்மை. வீட்டு மீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 15197, 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு, என்ன கேட்கிறது தெரியுமா? நூறு அளவீட்டில் 95, ஆய்வக மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை 100 க்குக் கீழே இருந்தால் 15 புள்ளிக்குள். அதாவது உண்மையில் 200 இருப்பவருக்கு மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தேறிய மீட்டர்தான். இதோடு நம் கடலோரக் காற்றின் ஈரமும் சேர்கிறது. ஸ்ட்ரிப் குப்பியின் மூடியைத் திறந்தபடி வைத்தால் ஸ்ட்ரிப்கள் கெட்டுப்போகும். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இனி சென்சார். அது ரத்தத்தை அளப்பதே இல்லை என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். வில்லைக்கு அடியிலிருந்து அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது. உயிரணுக்களுக்கு இடையில் ஊறும் திரவத்திலுள்ள குளுக்கோஸ், இழையின்மேல் பூசிய நொதியோடு வினைபுரிகிறது. அதில் பிறக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. குளுக்கோஸ் முதலில் ரத்தத்துக்கு வந்து, அங்கிருந்து கசிந்துதான் அந்தத் திரவத்துக்குப் போகும். அதற்குச் சுமார் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். இட்லி சாப்பிட்டுச் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் விரல் முந்தும், சென்சார் பிந்தும். இறங்கும்போதும் அப்படியே. ஆகவே சாப்பிட்டு அரைமணி நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

சென்சாரின் துல்லியத்தை ஆய்வாளர்கள், ஒப்பிடும் அளவிலிருந்து அது சராசரியாக எத்தனை விழுக்காடு விலகுகிறது என்று சொல்வார்கள். முதல் தலைமுறை ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்னும் சென்சாரை விரல் ரத்தத்தோடு ஒப்பிட்ட ஆய்வில் அது 11.4 விழுக்காடு. பின்னால் வந்த லிப்ரே 2, டெக்ஸ்காம் ஜி6 ஆகியவை ஆய்வகக் கருவியோடு ஒப்பிட்டபோது 9 விழுக்காட்டை ஒட்டி வந்தன. டெக்ஸ்காம் ஜி7 மேல்கையில் 8.2. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஒன்பது என்றால் சில அளவீடு இரண்டு விழுக்காடும் சில இருபது விழுக்காடும் தள்ளியிருக்கும். 250 இல் இருபது புள்ளி பிசகினால் பெரிதாக ஒன்றும் மாறாது. 75 இல் அதே இருபது பிசகினால் ஓர் உயிர்ப் பிரச்சினை. எனவே குறைந்த எண்களில்தான் விரலின் துணை கட்டாயம் வேண்டும்.

வைட்டமின் சி பற்றி நீங்களே சொன்னது நல்லதாயிற்று. அந்த நொதி முறையில் வைட்டமின் சி குறுக்கிடும். லிப்ரே வகைச் சென்சார்களில் அதிக அளவு வைட்டமின் சி, உள்ள சர்க்கரையைவிடக் கூடுதலாகக் காட்டவைக்கும். முதல் வகைகளின் குறிப்பேட்டில் நாளுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. கூடுதலாகக் காட்டினால் உண்மையான இறக்கம் மறைந்துபோகும். மாத்திரையின் அளவைப் பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். அவசியம் இல்லையென்றால் அவரே நிறுத்தச் சொல்வார். வேறு சில நிறுவனங்களின் சென்சார்களுக்குப் பாராசிட்டமால் ஆகாது. பெட்டிக்குள் மடித்துவைத்திருக்கும் அந்தத் தாளைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு: அந்தக் கடிகாரத்தை வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. கையில் சென்சார் அணிந்து, அதன் எண்ணை மட்டும் கடிகாரத்தில் பார்ப்பது வேறு, அதில் தவறில்லை. கடிகாரம் தானே அளக்கிறது என்றால் அந்த எண்ணை நம்பி உங்கள் அம்மா ஒரு யூனிட் இன்சுலின்கூடப் போடக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த இந்தியாப் (INDIAB) என்னும் நாடு தழுவிய ஆய்வு 2023 இல் வெளியானபோது இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு. எங்கள் புதுச்சேரியிலோ 26.3. பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல்! இங்கே தெருவுக்குத் தெரு மீட்டர் இருக்கிறது. அதைப் பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பதில்: தேவனாம்பட்டினம் அம்மா

மஞ்சக்குப்பம் தங்கைக்கு, ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். பள்ளியில் படிக்கிறாள், கடற்கரையில் கோகோ ஆடுகிறாள். சென்சார் இல்லாத காலத்தில் இரவெல்லாம் விழித்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் நான். ஆகவே பிடுங்கி எறிய வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது சரி.

உங்கள் அம்மாவின் சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். விரலில் பார்த்து 70 க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை கொடுங்கள், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. பிறகு 15 நிமிடம் பொறுத்திருந்து மறுபடியும் விரலில் பாருங்கள். சென்சாரைப் பார்க்காதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகும் அது கொஞ்ச நேரம் பழைய தாழ்வையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் பயந்துபோய் இரண்டாவது டம்ளர் கொடுக்கிறோம். உங்கள் வீட்டுக் காலை 280 இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைப் படிக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். என்னைக் கேட்டால் எண்ணைவிட அதுதான் முக்கியம். எங்கள் லிப்ரேயில் அம்பு படுக்கையாக இருந்தால் சர்க்கரை நிமிடத்துக்கு ஒரு புள்ளிக்குள்தான் மாறுகிறது. சாய்வாக இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு புள்ளி. அம்பு நேர் கீழே காட்டினால் இரண்டுக்கு மேல். நேர் கீழ் அம்போடு 110 என்று காட்டும்போது விரலில் அதற்குள் 85 வந்திருக்கலாம். என் மகள் ஆடிவிட்டு வந்து 110 என்று காட்டினால் நான் நிம்மதியாக உட்காருவதில்லை, அம்பைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மீட்டரையும் சென்சாரையும் ஒப்பிட வேண்டுமானால் சாப்பாட்டுக்கு முன், அம்பு படுக்கையாக இருக்கும்போது, கையைக் கழுவிவிட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 70 க்குக் கீழே என்றால் 20 புள்ளிக்குள். திரும்பத் திரும்ப அதைத் தாண்டினால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குச் சொல்லி மாற்றுச் சென்சார் கேளுங்கள். பழுதான சென்சாரை மாற்றித் தந்த அனுபவம் எனக்கு உண்டு.

நெல்லிக்குப்பம் தம்பி, பொருத்திய முதல் நாள் எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஊசி போன இடத்தில் தோல் புண்பட்டுத் தேறுகிற நாள் அது. அன்று மட்டும் எங்கள் வீட்டில் விரல் குத்துவது கூடுதலாகவே நடக்கும்.

இன்சுலின் அளவைப் பொறுத்தவரை, ஓர் இரவின் 58 ஐ வைத்து நீங்களாக யூனிட்டைக் குறைக்காதீர்கள், கூட்டவும் கூட்டாதீர்கள். இரண்டு வார அறிக்கையை அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 70 முதல் 180 க்குள் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அதில் விழுக்காடு போட்டிருக்கும். பொதுவாகப் பெரியவர்களுக்கு நாளில் 70 விழுக்காட்டுக்கு மேல் என்பது இலக்கு. முதியவர்களுக்கு 50 ஐத் தாண்டினால் போதும், ஆனால் 70 க்குக் கீழே இருக்கும் நேரம் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். 2019 இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த அளவு இது. உங்கள் அப்பாவின் பொய் இறக்கங்களும் அந்த ஒரு விழுக்காட்டில் சேர்ந்துவிடும். எந்த இரவில் விரல் அளவு என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டாவிட்டால், தேவையில்லாமல் இன்சுலினைக் குறைத்துவிடுவார்.

கேள்வி கேட்டவர்: மஞ்சக்குப்பம் மகள்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பா இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்கிறார். சென்சாரும் இடக்கையில்தான். செயலியில் பழைய நாட்களைப் புரட்டினேன். அலாரம் அடித்த இரவுகளில் பெரும்பாலானவற்றில் கோடு ஐயா சொன்னபடியே நேராக விழுந்திருக்கிறது. ஓர் இரவு மட்டும் அப்படி இல்லை. பத்தரை மணியிலிருந்தே மெல்ல மெல்ல இறங்கி 61 க்கு வந்திருக்கிறது. அன்று சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு தோசையோடு எழுந்துவிட்டார், இன்சுலின் மட்டும் வழக்கமான அளவு. அது உண்மையான இறக்கம் என்றே நினைக்கிறேன். அதைத் தனியாகக் குறித்துவைத்திருக்கிறேன்.

பலாப்பழத்தையும் சோதித்துவிட்டோம். அப்பா சுளை எடுத்த கையோடு ஒரு விரலில் குத்திக்கொண்டார். பிறகு சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வேறு விரலில். முதலில் 231, பிறகு 139. அம்மா எதுவும் பேசாமல் அப்பாவுக்குக் காப்பி போட உள்ளே போய்விட்டார்.

வைட்டமின் மாத்திரை 500 மில்லிகிராம்தான். இரண்டு போடும் நாட்களில் அளவு தாண்டுகிறது. மருத்துவரிடம் கேட்கும்வரை எடுத்துவைத்துவிட்டேன்.

அடுத்த வில்லையை வலக்கையில் பொருத்தப் போகிறோம். இன்னும் ஒரு சந்தேகம். இந்த வெயிலில் வியர்வைக்கு வில்லையின் ஓரம் கிளம்பிக்கொண்டு வருகிறது. மேலே பிளாஸ்திரி ஒட்டலாமா?

பதில்: தேவனாம்பட்டினம் அம்மா

ஒட்டலாம். ஆனால் வில்லையின் நடுவில் சிறு துளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், அதை மூடிவிடாதீர்கள். நடுவில் வட்டமாக வெட்டிய பிளாஸ்திரி மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. பொருத்துவதற்கு முன் அந்த இடத்தில் எண்ணெய், பவுடர் எதுவும் இல்லாமல் கழுவி, முழுதும் உலர்ந்த பிறகு ஒட்டினால் ஓரம் கிளம்புவது பெருமளவு குறையும். அப்பா தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் என்றால் அந்தக் கையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

பதில்: புதுவை ஆய்வகத்தார்

வலக்கைக்கு மாற்றும்போது, கையை மடக்கினாலும் இழுபடாத, சற்றுச் சதைப்பற்றான பின்புறத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்சுலின் ஊசி போடும் இடத்திலிருந்தும் தழும்பிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். அந்த ஒரு தோசை இரவை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். சாப்பாடு குறைந்த நாளில் இரவு இன்சுலினை எவ்வளவு போட வேண்டும் என்று அவரிடம் எழுதியே வாங்கிவந்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எதற்காவது அழைத்துப்போக நேர்ந்தால், கையில் சென்சார் இருப்பதை அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த வகையைக் கழற்ற வேண்டும் என்பது அதன் குறிப்பேட்டில் இருக்கும்.